எது அசல் பீட்சா? ஊர்ப் பீட்சா தேடுபவர்கள் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் சில வருடங்கள் இருந்தேன். யார் பார்க்க வந்தாலும் வூஸ்டர் தெருவுக்குக் கூட்டிப் போய் பீட்சா வாங்கித் தருவது என் பொறுப்பாகிவிட்டது. அங்கே வரிசை நீளம். நிற்கும்போது சிலர் கேட்டார்கள், திரும்பும்போது காரில் சிலர் கேட்டார்கள், ஒருவர் இரண்டு மாதம் கழித்துப் போனில் கேட்டார். அந்தக் கேள்விகளைத்தான் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஒரே கேள்வி. அசல் பீட்சா எங்கே கிடைக்கும்?

யாருடைய அசல் என்று சொல்லுங்கள், வழி சொல்கிறேன். இத்தாலியின் நேப்பிள்ஸ்காரருக்கு ஒன்று, சிசிலித் தீவின் பலேர்மோக்காரருக்கு ஒன்று, நியூ ஹேவனில் பிறந்த அமால்ஃபிக்காரரின் பேரனுக்கு வேறொன்று. மூவரும் "நாங்கள் சாப்பிடுவதுதான் சரியானது" என்று சத்தியம் செய்வார்கள். மூவரும் பொய் சொல்லவில்லை.

நேப்பிள்ஸில்தானே பிறந்தது? அங்கே செய்வதுதானே அளவுகோல்?

தக்காளி, சீஸ் போட்ட வட்டப் பீட்சாவுக்கு நேப்பிள்ஸ்தான் தாய்வீடு. அதில் சந்தேகமில்லை. அளவுகோலும் அவர்களிடம் எழுத்தில் இருக்கிறது. "உண்மையான நேப்பிள்ஸ் பீட்சா" சங்கம் 1984ல் தொடங்கியது. 2010ல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தச் செய்முறையைப் பாரம்பரிய உணவாகப் பதிவு செய்தது. குறுக்களவு 35 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, ஓரம் 1 முதல் 2 சென்டிமீட்டர் உப்ப வேண்டும், 485 டிகிரியில் விறகு அடுப்பில் 60 முதல் 90 நொடிக்குள் வெந்துவிட வேண்டும். 2017ல் யுனெஸ்கோவும் தன் பட்டியலில் சேர்த்தது. சேர்த்தது பீட்சாவை அல்ல, அதைப் போடுகிறவர்களின் கைத்திறனை. இந்த வித்தியாசத்தைப் பல செய்திகள் விட்டுவிட்டன.

எனக்கு இதில் ஒரு சின்ன நெருடல் உண்டு. நேப்பிள்ஸ் தெருக்களில் 200 வருடமாக ஆளுக்கொரு மாதிரி போட்டுக்கொண்டிருந்த ஒன்றுக்கு 1984ல் விதி எழுதினார்கள் என்றால், அதற்குள் உலகம் முழுக்க அந்தப் பெயரில் என்னென்னவோ விற்கத் தொடங்கியிருந்தது என்றுதான் பொருள். விதிப்புத்தகம் அந்தக் கவலையில் பிறந்தது. அதை நேப்பிள்ஸ் பாணியின் வரையறையாக எடுத்துக்கொண்டால் நல்ல கருவி. மற்ற ஊர்க்காரர்களை அடிக்கும் பிரம்பாக எடுத்தால் வீண் சண்டை.

ராணி மார்கரீட்டாவுக்காகச் செய்த பீட்சா என்ற கதை உண்மையா?

கதை இதுதான்: 1889ல் இத்தாலி ராணி மார்கரீட்டா நேப்பிள்ஸ் வந்தார். ரஃபயேலே எஸ்பொசிதோ என்ற பீட்சா கடைக்காரர் மூன்று வகை பீட்சா போட்டுக் கொடுத்தார். தக்காளி, மொசரெல்லா சீஸ், துளசி இனத்து பேசில் இலை போட்டது ராணிக்குப் பிடித்துப்போக, அதற்கு அவர் பெயரே வந்தது. சிவப்பு, வெள்ளை, பச்சை என இத்தாலியக் கொடியின் நிறங்கள் வேறு. அரண்மனையிலிருந்து வந்த நன்றிக் கடிதம் என்று ஒன்று இன்றும் அந்தக் கடையில் சுவரில் தொங்குகிறது. அந்தக் கடிதம் பிற்காலத்தில் தயாரிக்கப்பட்டது என்று சந்தேகிக்கும் ஆய்வாளர்கள் உண்டு. தக்காளியும் மொசரெல்லாவும் சேர்ந்த பீட்சா அதற்கு முன்பே நேப்பிள்ஸில் இருந்தது.

கதை மெய்யா என்பதைவிட, அது ஏன் இவ்வளவு ஒட்டிக்கொண்டது என்பது எனக்குச் சுவையான கேள்வி. இத்தாலி என்ற நாடே 1861ல்தான் ஒன்றானது. வடக்கத்தி அரச குடும்பம், தெற்கத்தி ஏழை நகரம். 1884ல் அந்த நகரில் காலரா. 1886ல், பினோக்கியோ பொம்மைக் கதையை எழுதிய கொலோடி, நேப்பிள்ஸ் பீட்சாவின் தோற்றத்தை அழுக்கோடு ஒப்பிட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான புத்தகத்தில் எழுதினார். அவர் ஃப்ளாரன்ஸ்காரர். நேப்பிள்ஸ் வாழ்க்கையைப் பற்றி 1884ல் எழுதிய பத்திரிகையாளர் மத்தில்தே செராவோ, ஒருவர் இந்தப் பீட்சாவை ரோமில் விற்கப் போன கதையைச் சொல்கிறார். முதலில் கூட்டம் அள்ளியதாம், பிறகு படுத்துவிட்டதாம். ரோமே ஏற்காத பண்டம் அது. இப்படி மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்த உணவை ராணியே ருசித்துச் சாப்பிட்டார் என்ற கதை அந்த ஊருக்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் அமெரிக்காவுக்குப் பீட்சாவைக் கொண்டு போனவர்கள் "இத்தாலியர்கள்" இல்லையா?

கப்பலில் ஏறும்போது பெரும்பாலோர் அப்படி நினைத்துக்கொண்டிருக்கவில்லை. 1880க்கும் 1920க்கும் இடையே சுமார் 40 லட்சம் பேர் இத்தாலியிலிருந்து அமெரிக்கா போனார்கள். பெரும்பகுதி தெற்கிலிருந்து. பாடப்புத்தக இத்தாலியம் அவர்களுக்கு வராது. ஊர்ப்பற்றுக்கு இத்தாலியர்கள் "கம்பனிலிஸ்மோ" என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். கம்பனீலே என்றால் கோயில் மணிக்கூண்டு. தன் ஊர் மணிச்சத்தம் எதுவரை கேட்கிறதோ அதுவரைதான் தன் நாடு.

நியூ ஹேவன் இதற்கு நல்ல உதாரணம். பூட்டு, கீல் முதலியவை செய்யும் சார்ஜென்ட் தொழிற்சாலை அங்கே இருந்தது. வேலைக்கு வந்தவர்களில் பலர் நேப்பிள்ஸுக்குத் தெற்கே அமால்ஃபி கடற்கரை ஊர்களைச் சேர்ந்தவர்கள். அமால்ஃபியும் அத்ரானியும் பேசிக்கொண்டே நடந்து போய்விடும் தூரம். ஆனால் நியூ ஹேவனில் அத்ரானிக்காரர்கள் 1898ல் மகதலா மரியாள் பெயரில் ஒரு சங்கமும், அமால்ஃபிக்காரர்கள் 1900ல் புனித அந்திரேயா பெயரில் தனியாக ஒரு சங்கமும் வைத்தார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர், கடல் தாண்டியும் தனித்தனிச் சாமி, தனித்தனித் திருவிழா. நமக்கு இது புரியாமல் போகாது.

இவர்களை "இத்தாலியர்" என்று ஒரே மூட்டையாகக் கட்டியது அமெரிக்காதான். முதலில் வசவாக, பிறகு பெருமையாக.

"அபீட்ஸ்" என்கிறார்களே, அது என்ன?

நியூ ஹேவன் பலகைகளில் பீட்சாவுக்கு முன்னால் ஒரு "அ" ஒட்டியிருக்கும். படிக்கும்போது "அபீட்ஸ்". நேப்பிள்ஸ் பேச்சில் "அ பீட்சா" என்றால் "அந்தப் பீட்சா". முன்னால் நிற்கும் "அ" நம் சுட்டெழுத்து மாதிரி ஒன்று. கடைசி உயிரெழுத்தை வாய்க்குள் விழுங்கிவிடுவார்கள். அதே கணக்கில் மொசரெல்லா "மூட்ஸ்" ஆகிவிடும்.

பாடப்புத்தக இத்தாலியம் படித்தவர்களுக்கு இது கொச்சையாகக் கேட்கும். எனக்கு இதுதான் அந்தத் தெருவிலேயே பழைய பொருளாகப் படுகிறது. அடுப்பை மாற்றலாம், செங்கல்லை மாற்றலாம். 100 வருடத்துக்கு முன் ஒரு மீன்பிடி ஊரில் பேசிய உச்சரிப்பு, இத்தாலிய மொழியில் நாலு வார்த்தைகூடத் தெரியாத கொள்ளுப்பேரன் வாயில் அப்படியே இருக்கிறது.

"பிளெயின்" கேட்டேன், சீஸே இல்லாமல் வந்தது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. இதே இடத்தில் நானும் விழுந்தேன். வந்த புதிதில் ஒரு கடையில் (பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது) மெனுவைப் பார்க்காமல் "ஒரு பிளெயின்" என்றேன். எனக்குப் பிளெயின் என்றால் சீஸ் பீட்சா. பரிமாறுகிற அம்மா என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மூட்ஸ்?" என்றார். புரியாமல், வேண்டாம் என்று தலையாட்டிவிட்டேன்.

கால் மணி நேரத்தில் ஒரு செவ்வக அலுமினியத் தட்டு வந்தது. அதன் மேல் மெழுகுத்தாள். தாளின் மேல் வட்டமும் இல்லாமல் முட்டையுமாக இல்லாமல் நீண்டுபோன ஒரு பீட்சா. தக்காளி மட்டும் மெல்லிசாகப் பூசியிருந்தது. அங்கங்கே துருவிய பெகொரீனோ, அதாவது செம்மறி ஆட்டுப்பாலில் செய்த உப்பான கெட்டிச் சீஸ், தூவி அடுப்புச் சூட்டில் பழுப்பேறியிருந்தது. ஓரத்தில் கரித்திட்டு. கையில் எடுத்தால் நுனி மட்டும் லேசாகத் தொங்கியது, அடிப்பாகம் விறைப்பாக நின்றது. மேசையில் இரண்டு பேர் முனகினார்கள். மூன்றாவது துண்டுக்குப் பிறகு யாரும் முனகவில்லை.

அந்த ஊரில் பிளெயின் என்றால் தக்காளியும் தூவிய சீஸும்தான். மொசரெல்லா, காளானைப் போல, தனியாகச் சொல்லி வாங்க வேண்டிய ஒன்று. காரணம் எளிது: கையில் காசில்லாத தொழிலாளிகளுக்கு விற்ற பண்டம். ஃப்ராங்க் பெப்பே அமால்ஃபி கடற்கரையின் மயோரி ஊரிலிருந்து வந்தவர். வூஸ்டர் தெருவில் 1925ல் கடை போட்டபோது விற்றதும் இந்த மாதிரிதான். அவருடைய அக்காள் தங்கை வழியில் மருமகன், சால்வதோரே கொன்சீல்யோ, 1938ல் அதே தெருவில் தனிக்கடை போட்டார். எந்தக் கடை உசத்தி என்று ஊர் இன்னும் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை.

நியூ ஹேவனின் கிளிஞ்சல் சதை போட்ட வெள்ளைப் பீட்சாதான் இன்று உலகப் பிரபலம். அதற்கு மயோரியில் பூர்வீகம் தேடாதீர்கள். 1960களில் நியூ ஹேவனிலேயே பிரபலமானது.

தீய்ந்து போயிருக்கிறதே?

தீயவில்லை, அங்கங்கே கருகியிருக்கிறது. நிலக்கரி அடுப்பு. முழுக்கக் கறுத்து வந்தால் திருப்பிக் கொடுக்கலாம். திட்டுத்திட்டாக இருந்தால் சாப்பிடுங்கள்.

வூஸ்டர் சதுக்கத்தில் கொலம்பஸ் சிலை இருந்ததாமே? அதற்கும் பீட்சாவுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடியாக ஒன்றுமில்லை. ஆனால் பீட்சா பெட்டியோடு மக்கள் உட்கார்ந்து சாப்பிடுவது அந்தப் பூங்காவில்தான். 1892ல் ஊர் இத்தாலியர்கள் பணம் போட்டு வைத்த சிலை. அதற்கு முந்தின வருடம், 1891 மார்ச்சில், நியூ ஆர்லியன்ஸில் ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து 11 இத்தாலியர்களைக் கொன்றது. பெரும்பாலோர் சிசிலிக்காரர்கள். அந்தக் காலத்தில் "நாங்களும் இந்த நாட்டுக்காரர்கள்தான், இந்த நாட்டைக் கண்டுபிடித்தவனே எங்கள் ஆள்" என்று சொல்ல அவர்களுக்கு ஒரு சிலை தேவைப்பட்டது. கொலம்பஸ் வடக்கே ஜெனோவாக்காரர். அமால்ஃபிக்காரருக்கு அவர் ஊர்க்காரரே இல்லை. ஆனாலும் எடுத்துக்கொண்டார்கள்.

2020 ஜூனில் அந்தச் சிலையை அகற்றினார்கள். பூர்வகுடி மக்களுக்குக் கொலம்பஸ் செய்தது தெரிந்த பிறகு அதை வைத்திருக்க முடியாது என்று ஒரு தரப்பு, எங்கள் தாத்தாக்களின் காசு என்று இன்னொரு தரப்பு. இரண்டிலும் இத்தாலியப் பெயர்கள் இருந்தன. பிறகு அந்த இடத்தில் ஒரு குடியேறிக் குடும்பத்தின் சிலை வந்தது. எனக்குக் கேட்டால் இதுதான் பொருத்தம். மூட்டையோடு வந்தவர்கள்தானே அந்த ஊரைக் கட்டியது.

"சிசிலியன்" என்று கனமான சதுரப் பீட்சா விற்கிறார்களே, அது சிசிலியில் கிடைக்குமா?

அந்த உருவத்தில் கிடைக்காது. அதன் பாட்டி கிடைப்பாள். பெயர் ஸ்ஃபின்ச்சோனே. பலேர்மோ நகரத்துப் பண்டம். பஞ்சு போன்ற தடித்த மாவு. கடற்பஞ்சைக் குறிக்கும் சொல்லிலிருந்து பெயர் வந்தது என்பார்கள். மேலே நிறைய வெங்காயம் போட்டு வதக்கிய தக்காளி, நெத்திலி மாதிரியான உப்பு மீன், கச்சோகவாலோ சீஸ், ஓரிகானோ, கடைசியில் வறுத்த ரொட்டித்தூள். மொசரெல்லா கிடையாது. டிசம்பர் 8 மாதா திருநாளை ஒட்டி வீட்டுக்கு வீடு இருக்கும்.

மற்ற நாளில் இது தெருவில் வரும். மூன்று சக்கர வண்டியின் பின்பக்கம் கண்ணாடிப் பெட்டி. வண்டி வேறெதுவும் இல்லை, நம் ஊரில் வாழைத்தாரும் சிமெண்ட் மூட்டையும் ஏற்றிப் போகும் அதே ஆபே ஆட்டோதான். இத்தாலியில் பிறந்தது. கூரையில் ஒலிபெருக்கி, அதில் பதிவு செய்த குரல்: என்ன வாசம், இப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்தேன், வாருங்கள். அதிலேயே ஒரு வரி வரும், "எண்ணெய் கம்மி, புழுதி நிறைய" என்று. தன் சரக்கைத் தானே இப்படிக் கிண்டலடித்து விற்கும் ஊரிடம் அசல் பற்றிப் போய் வாதம் செய்ய எனக்குத் தைரியமில்லை. பக்கத்து பகெரியாவில் தக்காளியே போடாமல் வெள்ளையாகச் செய்வார்கள். பலேர்மோக்காரர் அதை ஸ்ஃபின்ச்சோனே என்று ஒப்புக்கொள்வது அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

இது அமெரிக்கா போனதும் பல கிளை விட்டது. நியூயார்க்கில் மொசரெல்லா சேர்த்துக்கொண்டு "சிசிலியன்" ஆனது. ரோட் ஐலண்டிலும் பிலடெல்ஃபியாவிலும் பேக்கரிகளில் சீஸ் இல்லாமல் தக்காளி பூசிய தடித்த ரொட்டியாக, சூடு ஆறிய பிறகே விற்கிறார்கள். பீட்சா என்றால் சூடாக என்று நினைப்பவர்கள் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். டெட்ராய்ட்டில் 1946ல் கஸ் குவேரா என்பவர் தன் கடையில் இதே வகை மாவைக் கார் தொழிற்சாலைகளில் உதிரிபாகம் போட்டு வைக்கும் நீல எஃகுத் தட்டில் சுட்டார். சீஸைத் தட்டின் விளிம்புவரை அடைத்ததால் ஓரம் முறுகலாகக் கருகி ஒட்டிக்கொண்டது. சீஸ் விஸ்கான்சின் மாநிலத்து பிரிக் சீஸ், தக்காளி மேலே கோடு கோடாக. செய்முறை மனைவி அன்னாவின் சிசிலி வழி அம்மாவுடையது என்பார்கள். அம்மாவின் மாவு, கார் கம்பெனித் தட்டு, பக்கத்து மாநிலத்துச் சீஸ். இது சிசிலியா டெட்ராய்ட்டா என்று கேட்டால், டெட்ராய்ட் என்பேன்.

பலேர்மோவில் தமிழர்கள் இருக்கிறார்களாமே?

ஆமாம். 1980களிலிருந்து, போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் கணிசமாகக் குடியேறினார்கள். நகரைக் காக்கும் புனிதையான சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயில் பெல்லெக்ரீனோ மலைமேல் இருக்கிறது. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்து ஏறுபவர்களில் தமிழர்கள் நிறைய. கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, சைவர்களும். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு, தெருவில் அந்த ஒலிபெருக்கிக் குரல் கேட்டால் அது "ஊர்" ஞாபகமாகத்தான் இருக்கும். இடியப்பமும் ஊர்தான், ஸ்ஃபின்ச்சோனேவும் ஊர்தான்.

"பீட்சா விளைவு" என்று ஒன்று சொல்கிறார்களே?

வியன்னாவில் பிறந்து, இந்தியாவில் சந்நியாசம் வாங்கி, பிறகு அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் பேராசிரியரான அகேஹானந்த பாரதி 1970ல் வைத்த பெயர் அது. அவர் சொன்னது சுருக்கமாக: தெற்கு இத்தாலியில் மேலே ஒன்றுமில்லாத வெறும் ரொட்டியாக இருந்தது, குடியேறிகளோடு அமெரிக்கா போய் அலங்காரம் செய்துகொண்டு, உறவினர்களோடு ஊர் திரும்பிப் பெருமைக்குரிய உணவாக ஆனது. அவர் உண்மையில் பேச வந்தது இந்தியாவைப் பற்றி. வெளிநாட்டார் கொண்டாடிய பிறகு நாம் யோகாவைப் பார்க்கும் விதம் போன்றவற்றை.

நேப்பிள்ஸைப் பொறுத்தவரை அவர் சொன்னது தப்பு. அங்கே தக்காளிப் பீட்சா முன்பே இருந்தது. ஆனால் இத்தாலியின் மற்ற பகுதிகளுக்கு ஓரளவு பொருந்தும். இரண்டாம் உலகப்போருக்கு முன் வடக்கே பீட்சாவைப் பார்க்காதவர்கள் ஏராளம். தெற்கிலிருந்து மிலானுக்கும் டூரினுக்கும் வேலை தேடிப் போனவர்களும் கொண்டு பரப்பினார்கள். பார்மா பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்பெர்தோ கிராந்தி 2023ல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் இதையெல்லாம் சொன்னபோது இத்தாலியே கொதித்தது. அவர் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார் என்பது என் எண்ணம். ஆனால் கோபப்பட்டவர்கள் பேசியது வரலாறு இல்லை, அம்மா சமையல்.

அர்ஜென்டினாவில் வெங்காயப் பீட்சாவாம்?

புவனோஸ் அயரெஸில் குடியேறியவர்களில் ஜெனோவாக்காரர்களுக்குத் தனி இடம் உண்டு. அவர்களுடைய ஃபுகாசா ரொட்டிதான் அங்கே வெங்காயம் குவித்த "ஃபுகாசா" பீட்சா ஆனது. நடுவில் சீஸ் வைத்து அடைத்தால் ஃபுகாசெத்தா. கூடவே கடலைமாவில் சுட்ட ஃபைனா துண்டு ஒன்றைப் பீட்சா மேலேயே ஏற்றி வைத்துச் சாப்பிடுவார்கள். "குதிரை மேல்" என்று அதற்குப் பெயர். நேப்பிள்ஸ்காரர் பார்த்தால் மயங்கி விழுவார்.

அன்னாசி?

கிரீஸில் பிறந்து கனடா போன சாம் பனோபுலோஸ் 1962ல் ஒன்டாரியோவின் சாத்தம் ஊரில் போட்டது. ஹவாய் என்ற பெயர் அன்னாசி டப்பாவிலிருந்து வந்தது. பிடித்தால் சாப்பிடுங்கள்.

இத்தாலியர் அல்லாதவர்கள் போட்டால் அசல் ஆகுமா?

கனெக்டிகட், மாசசூசெட்ஸ் பக்கம் "ஹவுஸ் ஆஃப் பீட்சா" என்று பலகை பார்த்தால் பெரும்பாலும் உள்ளே கிரேக்கக் குடும்பம் இருக்கும். எண்ணெய் தடவிய தட்டில் மாவை ஊறவைத்துச் சுடுவார்கள். அடி பொரித்ததுபோல இருக்கும். பல சிறு ஊர்களில் பிள்ளைகள் வளர்ந்ததே அந்தப் பீட்சாவில்தான். அவர்களிடம் போய் அது போலி என்று சொல்லிப் பாருங்கள்.

சரி, புதிய ஊரில் எப்படித் தேடுவது?

நட்சத்திர மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். அந்த ஊரில் மட்டும் வழங்கும் பெயர் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அபீட்ஸ், ஸ்ஃபின்ச்சோனே, ஃபுகாசா போல. பெயர் இருந்தால் பின்னால் ஆட்கள் இருந்திருப்பார்கள். பீட்சா கடையை விட்டுப் பழைய பேக்கரியில் விசாரியுங்கள். மெனு எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. நேப்பிள்ஸில் 1870ல் தொடங்கிய ஒரு குடும்பக் கடை நெடுங்காலம் இரண்டே வகையில் பெயர் வாங்கியது. அப்புறம், "ஆதென்டிக்" என்று பலகையில் பெரிதாக எழுதியிருந்தால் நான் அடுத்த கடைக்கு நடந்துவிடுவேன். பலேர்மோ வண்டிக்காரர் எங்கே அதை எழுதினார்?

மிச்சத்தை எடுத்துப் போனால் மறுநாள் நன்றாக இருக்குமா?

நியூ ஹேவன் பீட்சா என்றால், காரில் போகும்போது பெட்டி மூடியை ஒரு விரல் அளவு திறந்தே வையுங்கள், இல்லையென்றால் ஆவியில் நமத்துவிடும். மறுநாள் மைக்ரோவேவ் பக்கமே போகாதீர்கள், ரப்பர் ஆகிவிடும். தோசைக்கல்லை நடுத்தரச் சூட்டில் வைத்து, எண்ணெய் விடாமல் துண்டைப் போட்டு, மேலே மூடி வைத்து மூன்று நிமிடம். அடி மொறுமொறுப்பாக வரும். இதை ஒரு நியூ ஹேவன் கிழவரிடம் சொன்னேன். அவர் வீட்டில் அம்மா காலத்து வார்ப்பிரும்புச் சட்டியில் அதையேதான் செய்கிறாராம்.